விழும் முன் யாருக்குத் தெரியும்?

புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் மதில் சுவரின் இருபுறமும் நின்று பேசுகிறவர்களிடம் இரண்டு சட்டங்கள் தயாராக இருக்கும். வீட்டின் மேல் மரம் விழுந்தவர், "உங்க மரம், நீங்கதான் கட்டிக் கொடுக்கணும்" என்பார். மரத்துக்காரர், "காத்து தள்ளினதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்" என்பார். இருவரும் சந்தேகமே இல்லாமல் பேசுவார்கள். ஆனால் இந்திய நீதிமன்றங்கள் இரண்டில் எதையும் அப்படியே ஏற்பதில்லை.

நீதிமன்றம் கேட்பது வேறொன்று. இந்த மரம் விழக்கூடும் என்று உரிமையாளருக்கு முன்பே தெரியுமா? தெரியாது என்றால், பொறுப்புள்ள ஒரு சாதாரண மனிதர் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டுமா? இரண்டில் ஒன்றுக்காவது 'ஆம்' என்று நிரூபித்துவிட்டால், புயலைக் காட்டித் தப்புவது கடினம். நிரூபிக்க முடியாவிட்டால், மரம் அவர் பட்டாவில் நின்றது என்பதற்காக மட்டும் உடைந்த ஓட்டுக்குக்கூட அவர் காசு தர வேண்டியதில்லை. ஆக, விழுந்த மரத்தின் வழக்கு என்பது அது நின்றுகொண்டிருந்த மாதங்களைப் பற்றிய வழக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் போடப்படும் சண்டைகளே அதிகம்.

மோட்டார் வாகன விபத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது, தீர்ப்பாயம் இருக்கிறது. மரத்துக்கு அப்படி ஒன்றுமில்லை. அண்டை வீட்டார் இருவருக்கு இடையே மரம் விழுந்தால் யார் பொறுப்பு என்று நாடாளுமன்றமும் சொல்லவில்லை, தமிழ்நாடு சட்டமன்றமும் சொல்லவில்லை. சட்டக் கல்லூரிகளில் தீங்கியல் என்ற பாடமாகச் சொல்லிக்கொடுக்கப்படும் பகுதிதான் இதை ஆள்கிறது. ஆங்கில நீதிபதிகள் தீர்ப்பு தீர்ப்பாகக் கட்டியெழுப்பிய அதை, காலனிக் காலத்திலேயே நம் நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன. அதனால் தாம்பரத்தில் சாயும் வேம்புக்கும் பதில் தேடி முதலில் இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

அங்கே 1868இல் பிரபுக்கள் சபை 'ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர்' வழக்கில் கடுமையான ஒரு விதியை உறுதிசெய்தது. ஆபத்தான பொருளொன்றைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்துவைப்பவர், அது தப்பி வெளியே போய்ச் செய்யும் சேதத்துக்கு, தன்மேல் தவறே இல்லாவிட்டாலும் பொறுப்பு. அந்த வழக்கில் பொருள், நீர்த்தேக்கத்தில் தேக்கிய தண்ணீர். அப்படியானால் மரமும் அந்த வகையில் சேருமா? 'உங்க மரம், நீங்கதான் கட்டணும்' என்பவரின் வாதம் சட்டமொழியில் இதுதான்.

1926இல் 'நோபிள் எதிர் ஹாரிசன்' வழக்கு அந்தக் கதவை மூடியது. சாலைக்கு மேல் நீண்டிருந்த ஒரு பீச் மரக் கிளை, காற்றோ மழையோ இல்லாத நல்ல நாளில் முறிந்து, கீழே போன பேருந்தின் மேல் விழுந்தது. கிளைக்குள் வெடிப்பு இருந்திருக்கிறது. கீழே நின்று பார்க்கும் யாருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. மரம் வளர்ப்பது நிலத்தின் இயல்பான பயன்பாடு, அது ஆபத்தான பொருள் அல்ல, உள்ளே மறைந்திருந்த குறைக்கு உரிமையாளர் பொறுப்பல்ல என்று தீர்ப்பானது. 1950இல் பிரபுக்கள் சபை இன்னொரு மரத்தைப் பார்த்தது. வேர் அழுகிப்போன ஒரு முதிய எல்ம் மரம், காற்றில் சாய்ந்து காரின் மேல் விழுந்த வழக்கு. நோய் மண்ணுக்கடியில் இருந்தது, மேலே அடையாளமில்லை. உரிமையாளர் மரத்தைச் சோதித்ததே இல்லை. ஆனால் சோதித்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது என்பதால் அவர் தப்பினார். நில உரிமையாளர் மரவியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை, விவேகமுள்ளவராக இருந்தால் போதும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இரண்டுக்கும் நடுவே 1947இல் வந்த 'பிரவுன் எதிர் ஹாரிசன்' வழக்கில் உரிமையாளர் தோற்றார். அங்கே செஸ்ட்நட் மரம் பட்டுக்கொண்டிருந்தது எந்தச் சாதாரண மனிதரின் கண்ணுக்கும் தெரியும் நிலையில் இருந்தது. ஆக, ஆங்கிலச் சட்டம் இழுத்த கோடு கண்ணுக்குத் தெரிந்த நோய்க்கும் தெரியாத நோய்க்கும் இடையே ஓடுகிறது.

எளிய கோடுதான். ஆனால் அதில் ஒரு கோணல் இருக்கிறது. தன் மரத்தை ஏறெடுத்துப் பார்க்காதவருக்கு ஒன்றும் தெரியாது. அக்கறையோடு பார்ப்பவருக்குத்தான் தெரிந்துபோகிறது. தெரிந்தவர்தான் பொறுப்பாளி என்றால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறதா? 'தெரிந்திருக்க வேண்டும்' என்ற இரண்டாவது அளவுகோல் இதற்காகத்தான் இருக்கிறது. அந்த அளவுகோல் ஆளுக்கு ஆள் நீளும், குறுகும். நாட்டிங்காம்ஷயரில் பழைய பீச் மரமொன்று விழுந்த 1965ஆம் ஆண்டு வழக்கில் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பொறுப்பேற்க வேண்டியிருந்தது. ஏராளமான மரங்களை நிர்வகிக்கும், வனத்துறை ஆட்களை வைத்திருக்கும் ஓர் அமைப்பு, இலை அடர்த்தி குறைந்த முதிய மரத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். தெரிந்தவருக்கு அளவுகோல் நீளம்.

நம் ஊரில் இதைத் தென்னைக்குப் பொருத்திப் பார்க்கலாம். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு கசிந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோய் என்று தென்னை வைத்திருப்பவர் யாரும் சொல்வார். கானோடெர்மா என்ற பூஞ்சை வேரையும் அடிமரத்தையும் உள்ளேயே அழிக்கிறது. தண்டில் ஓட்டைகள் தெரிந்து, அவற்றிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒழுகினால், அது சிவப்புக் கூன்வண்டு. புழு உள்ளே குடைந்த மரத்தின் தலை ஒருநாள் சொல்லாமல் முறியும். பொள்ளாச்சியில் தோப்பு வைத்திருப்பவர் 'எனக்கு இதெல்லாம் தெரியாது' என்று கூண்டில் நின்று சொன்னால் எடுபடாது. அதே சாறு, வீட்டோடு சேர்த்து ஒரு தென்னையையும் வாங்கிய நகரத்து வங்கி ஊழியரின் கொல்லையில் கசிந்தால், நீதிபதி யோசிப்பார். என்னைக் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை சுட்டிக்காட்டிய பிறகு இந்த வித்தியாசம் மறைந்துவிட வேண்டும்.

இன்னொரு வழக்கையும் சொல்லியாக வேண்டும், மரம் விழுந்ததால் அல்ல, எரிந்ததால். 1961இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் நூறடி உயரமுள்ள ஒரு செம்பசை மரத்தில் மின்னல் இறங்கித் தீப்பிடித்தது. நிலத்துக்காரர் மரத்தை வெட்டிச் சாய்த்தார். அதுவரை சரி. பிறகு தண்ணீர் ஊற்றி அணைக்காமல், எரிந்து முடியட்டும் என்று விட்டுவிட்டார். காற்று எழுந்தது, தீ பக்கத்து நிலங்களுக்குப் போனது. மின்னலை அவர் வரவழைக்கவில்லை. ஆனாலும் 1966இல் பிரிவி கவுன்சில் அவரைப் பொறுப்பாளியாக்கியது. இயற்கையே உண்டாக்கிய ஆபத்தாக இருந்தாலும், தெரிந்த பிறகு தன்னால் இயன்றதைச் செய்யும் கடமை நிலத்துக்காரருக்கு உண்டு. இயன்றது எவ்வளவு என்பதை அவருடைய வசதியை வைத்து அளக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சேர்த்துச் சொன்னது. ஓய்வூதியத்தில் தனியாக வாழும் முதியவருக்கும், நூறு வீடுகளிடம் பராமரிப்புக் கட்டணம் வாங்கும் அடுக்குமாடிச் சங்கத்துக்கும் ஒரே எதிர்பார்ப்பு இருக்க முடியாது. 'கடவுள் செயல்' என்ற வாதத்தின் பெரும்பகுதி இந்த இடத்திலேயே கரைந்துவிடுகிறது. புயல் கடவுள் செயலாக இருக்கலாம். உளுத்த மரத்தை மூன்று மழைக்காலம் விட்டுவைத்தது அப்படியல்ல.

இனி இந்தியா. இங்கே சட்ட அறிக்கைகளில் கிடைக்கும் மர வழக்குகளில் எதிர்த் தரப்பு பெரும்பாலும் மாநகராட்சிதான். பக்கத்து வீட்டார்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. இரண்டு வழக்குகள் முக்கியமானவை, இரண்டு ஆண்டு இடைவெளியில் உச்சநீதிமன்றம் இரண்டு விதமாக முடித்தவை.

முதலாவது ராஜ்கோட். 1975இல் அலுவலகத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒருவர்மேல் சாலையோர மரம் திடீரென விழுந்தது. அவர் இறந்தார். கீழ் நீதிமன்றங்கள் மாநகராட்சியைப் பொறுப்பாக்கின. 1997இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. மரம் விழும் நிலையில் இருந்தது மாநகராட்சிக்குத் தெரியும் என்பதற்கோ, முன்கூட்டியே ஊகித்திருக்க முடியும் என்பதற்கோ ஆதாரமில்லை. சாலையோர மரம் ஒவ்வொன்றையும் இடைவிடாமல் சோதித்துக்கொண்டிருக்கும் கடமையைச் சுமத்தினால், உள்ளாட்சிகள் மரம் நடுவதையே விட்டுவிடும் என்ற கவலையும் தீர்ப்பில் இருக்கிறது. இரண்டாவது டெல்லி. 1964இல் ஸ்கூட்டரில் போன இளம் வியாபாரியின் தலையில் வேப்பங்கிளை முறிந்து விழுந்து அவர் இறந்தார். இங்கே மரம் பட்டுப்போயிருந்தது. பட்டையும் இல்லை, இலையும் இல்லை. தோட்டக்கலைப் பிரிவு என்று ஒன்றை வைத்திருக்கும் மாநகராட்சி அதைக் கவனித்து வெட்டியிருக்க வேண்டும் என்று 1999இல் உச்சநீதிமன்றம் முடிவாகச் சொன்னது.

இரண்டையும் முரண் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோபிள் வழக்குக்கும் பிரவுன் வழக்குக்கும் இடையே ஓடிய அதே கோடுதான் ராஜ்கோட்டுக்கும் டெல்லிக்கும் இடையே ஓடுகிறது. உறுத்துவது வேறொன்று. டெல்லிக் கிளை விழுந்தது 1964இல், இறுதித் தீர்ப்பு வந்தது 1999இல். ஒரு பட்ட மரம் பட்ட மரம்தான் என்று நிலைநாட்ட அந்தக் குடும்பத்துக்கு 35 ஆண்டு பிடித்திருக்கிறது. பக்கத்து வீட்டார்கள் ஏன் கோர்ட்டுக்குப் போவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

போனாலும், ஆதாரம் எங்கே? மரம் விழுந்த சில மணி நேரத்தில் ரம்பம் வந்துவிடும். மின்சார வாரியத்து ஆட்கள் கம்பியை விடுவிக்க ஒரு பக்கம் வெட்டுவார்கள், தீயணைப்புத் துறை பாதையைத் திறக்க இன்னொரு பக்கம் வெட்டும். மாலைக்குள் அடிமரம் துண்டுகளாகி லாரியில் ஏறிவிடும். வழக்கின் முக்கியமான சாட்சி அதோடு போய்விட்டது. முறிந்த இடத்தை ஒரு நிமிடம் பார்த்தால் போதும். நல்ல மரம் முறிந்தால் உட்பகுதி வெளுத்து, ஈரமாக, சிம்புசிம்பாக நீண்டு நிற்கும். உளுத்த மரம் முறிந்தால் நடுவில் கறுத்துப்போய், விரலால் கிள்ளினால் மாவாக உதிரும். அந்த மாவுக்கும் நல்ல மரத்துக்கும் நடுவே ஒரு கரிய வளையம்கூடத் தெரியும். ஓரத்தில் மட்டும் ஓர் அங்குலம் உயிருள்ள மரம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவே இவ்வளவு நாள் பச்சை இலை காட்டிக்கொண்டிருந்தது. பச்சை இலை இருந்ததால் தெரியவில்லை என்று மரத்துக்காரர் சொல்லலாம். அடிமரத்தில் காளான் தட்டுகள் முளைத்திருந்தனவா, கரையான் பாதை ஏறியிருந்ததா, தட்டினால் பொந்து ஓசை கேட்டதா என்று எதிர்த் தரப்பு கேட்கும்.

வேரோடு சாய்ந்த மரம் வேறு கதை சொல்லும். சென்னையில் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றில் பலவற்றின் அடியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: அகலமான முடிக்குக் கீழே கைக்கடக்கமான வேர்த்தொகுதி. சுற்றிலும் சிமென்ட் போட்ட நடைபாதை, ஒரு பக்கம் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம், இன்னொரு பக்கம் கேபிள் பள்ளம். தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் முதலில் விழுந்தன. வேரைச் சீராக வெட்டிய தடம் அடிமண்ணில் இருந்தால் கேள்வி திசை மாறுகிறது. யார் தோண்டினார்கள்? பக்கத்து மனைக்காரர் எல்லையை ஒட்டிக் கடைக்கால் தோண்டும்போது வேரை வெட்டி, அடுத்த மழையில் அதே மரம் அவர் வீட்டின் மேலேயே விழுந்தால், மரத்துக்காரர் கை சுத்தம்.

இதையெல்லாம் பதிவு செய்ய வழி இருக்கிறது. ரம்பம் வருமுன் முறிந்த இடத்தை நெருக்கத்தில் படமெடுப்பது, அடிமரத் துண்டு ஒன்றை எடுத்துவைப்பது. வழக்குப் போட்டுவிட்டால் நீதிமன்றம் வக்கீல் ஆணையரை அனுப்பிப் பார்வையிடச் சொல்லும். ஆனால் அவர் வரும்போது அங்கே மரம் இருக்காது.

'எனக்குத் தெரியாது' என்பவரைத் 'தெரியும்' என்ற நிலைக்குக் கொண்டுவர மிக எளிய வழி ஒரு கடிதம். உங்கள் வேம்பின் கிளை எங்கள் ஓட்டுக்கு மேல் காய்ந்து நிற்கிறது, அடியில் பொந்து இருக்கிறது, வெட்டிவிடுங்கள் என்று நான்கு வரி, தேதி, ஒரு புகைப்படம், ஸ்பீட் போஸ்ட் ரசீது. மரம் விழுந்த பிறகு அனுப்பும் வக்கீல் நோட்டீஸைவிட இதன் எடை அதிகம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமும், அதற்கு வந்த 'பாத்துக்கலாம் சார்' என்ற பதிலும்கூட உதவும். வாயால் சொன்னதை நிரூபிப்பது கடினம். நம் சிக்கல் இங்கேதான். மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து "அண்ணே, அந்தக் கிளைய கொஞ்சம் கழிச்சு விடுங்க" என்று பத்து முறை சொல்வோம். எழுத்தில் கொடுத்தால் அது சண்டைக்கு இழுப்பது. நோட்டீஸ் வந்த வீட்டுக்கு அடுத்த கல்யாணப் பத்திரிகை போகாது. சட்டம் கேட்கும் ஒரே சாட்சியத்தை அக்கம்பக்கத்து நாகரிகம் தயாரிக்க விடுவதில்லை. பத்து முறை கேட்டுக்கொண்டவர் கையில் ஒன்றுமில்லாமல் நிற்பார். கேட்டும் கேளாதிருந்தவர் தெரியாது என்று சொல்லிவிடுவார்.

முன்கூட்டிக் கேட்டால்தான் உரிமை என்பது ஆங்கிலேயர் கண்டுபிடிப்பும் அல்ல. ரோமானியச் சட்டத்தில், பக்கத்துக் கட்டடம் விழும் நிலையில் இருந்தால், விழுந்தால் ஈடுசெய்கிறேன் என்று உறுதிமொழி தரும்படி உரிமையாளரை நீதிபதி மூலம் கட்டாயப்படுத்தலாம். அந்த உறுதிமொழியைக் கேட்காமல் இருந்து கட்டடமும் விழுந்துவிட்டால் நஷ்டஈடு கிடைப்பது அரிது. இடிபாட்டை மொத்தமாக அள்ளிக்கொண்டு போ, இல்லாவிட்டால் கைவிடு என்று மட்டும் சொல்லலாம். காற்றில் சாய்ந்து அடுத்தவர் நிலத்தின் மேல் வந்த மரத்தை அகற்றக் கோரும் உரிமை, அதற்கும் பழைய பன்னிரு பலகைச் சட்டத்திலேயே உண்டு. யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர்கள் 1707இல் தொகுப்பித்த தேசவழமையும் எல்லை தாண்டிய மரத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அதன் கவலை பலன் யாருக்கு என்பதில்.

கடிதத்துக்கு அசையாதவரை என்ன செய்வது? கிளை மட்டும்தான் பிரச்சினை என்றால் கோர்ட்டே தேவையில்லை. தன் எல்லைக்குள் நீண்ட கிளையைத் தன் எல்லை வரை வெட்டிக்கொள்ளலாம், அடுத்தவர் நிலத்தில் கால் வைக்காதவரை முன்னறிவிப்புகூட வேண்டாம் என்று 1894இல் பிரபுக்கள் சபை 'லெம்மன் எதிர் வெப்' வழக்கில் சொன்னது, இங்கும் அதுவே வழக்கம். எத்தனை ஆண்டு நீண்டுகொண்டிருந்தாலும் அடுத்தவர் வானத்தில் கிளை பரப்பும் உரிமை மரத்துக்கு வந்துவிடாது. ஆனால் வெட்டிய கிளையும் அதிலுள்ள காயும் மரத்துக்காரருடையவை. இங்கிலாந்தில் பக்கத்து மரத்து ஆப்பிளைப் பறித்து விற்றவர் 1919இல் பணம் கொடுக்க நேர்ந்தது. மாங்காய்க்கும் இதே கணக்குதான், யாரும் கேட்பதில்லை என்பது வேறு. ஓர் எச்சரிக்கை: ஆண்டுதோறும் தன் பக்கக் கிளைகளை மட்டும் ஒட்ட வெட்டிக்கொண்டே வந்தால் மரம் மறுபக்கம் பாரமேறிச் சாயும். அப்படி உரிமையாளர் வீட்டின் மேலேயே விழுந்தால், அலட்சியம் யாருடையது என்ற கேள்வி வெட்டியவரை நோக்கித் திரும்பும்.

முழு மரமே ஆபத்து என்றால் இரண்டு வாசல்கள் உண்டு. உரிமையியல் நீதிமன்றத்தில் மரத்தை அகற்றும்படி செயலுறுத்துக் கட்டளை கேட்கலாம், அது மெதுவான வழி. வேகமான வழி கோட்டாட்சியர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு, விழும் நிலையிலுள்ள மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரத்தைக் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவருக்குத் தருகிறது. பிரிவின் வாசகத்தை ஊன்றிப் படிக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் வசிப்பவர்களுக்கோ வழிப்போக்கர்களுக்கோ காயம் ஏற்படும் என்பதுதான் நிபந்தனை. ஓடு உடையும், கார் நசுங்கும் என்பது அதில் இல்லை. இந்தப் பிரிவு பொதுத் தொல்லைக்கானது, இருவருக்கிடையிலான சொத்துத் தகராறை இதில் தீர்க்கக் கூடாது என்றும் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆகவே மனுவில் வீட்டைப் பற்றி எழுதுவதைவிட, அந்த மரத்தடியில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி எழுதுவதே பொருத்தம்.

சென்னை மாகாணத்துப் பழைய நகராட்சிச் சட்டங்கள் இந்த விஷயத்தில் ஊரை அறிந்து எழுதப்பட்டவை. மரமோ கிளையோ மட்டுமல்ல, மரத்தின் காய் விழுந்து ஆளுக்கோ கட்டடத்துக்கோ ஆபத்து வரும் என்றாலும் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்க அவை ஆணையருக்கு அதிகாரம் தந்தன. தேங்காயை மனத்தில் வைத்துத்தான் எழுதியிருப்பார்கள் என்பது என் ஊகம். 1994ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம் அதே வாசகத்தைத் தக்கவைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே சாய்ந்த தென்னைக்குப் பஞ்சாயத்துச் செயலரிடம் மனுக் கொடுப்பது அன்றாடம்.

வெட்ட முன்வரும் உரிமையாளருக்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. சமவெளியில் சொந்த மனையிலுள்ள சாதாரண மரத்துக்குப் பெரிய தடையில்லை. மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் நிற்கிறது, நீலகிரியில் வீட்டுக் கொல்லை மரத்துக்கும் குழுவின் அனுமதி வேண்டும். சந்தனத்துக்கும் ஈட்டிக்கும் தனி விதிகள். இங்கே கவனிக்க வேண்டிய கண்ணி ஒன்று இருக்கிறது. 'என் மரம் ஆபத்தாக இருக்கிறது, வெட்ட அனுமதி கொடுங்கள்' என்ற விண்ணப்பம், தனக்குத் தெரியும் என்று உரிமையாளரே கையெழுத்திட்டுத் தரும் ஒப்புதல். கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் அது அவருக்கு எதிரான சாட்சி. அனுமதி மறுக்கப்பட்டு மரம் விழுந்தால், அவருடைய கைகளைக் கட்டிய அலுவலகமும் பதில் சொல்ல வேண்டும் என்பதே நியாயம். இடைப்பட்ட நாட்களில் முட்டுக் கொடுப்பதும், கம்பியால் இழுத்துக் கட்டுவதும், அடியில் ஆள் நடமாட்டத்தைத் தடுப்பதும் அவர் கையில் இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது.

மரம் நேராக ஆள்மேல் விழாமல் மின்கம்பியின் மேல் விழுந்தால் சட்டம் முற்றிலும் மாறிவிடுகிறது. அறுந்து கிடக்கும் மின்கம்பியால் நேரும் மரணத்துக்கு, தவறு இருந்ததா இல்லையா என்று பார்க்காமலே மின்வாரியம் பொறுப்பு என்று மத்தியப் பிரதேச வழக்கொன்றில் 2002இல் உச்சநீதிமன்றம் சொன்னது. ரைலண்ட்ஸ் விதி மரத்துக்குப் பொருந்தாது, மின்சாரத்துக்குப் பொருந்தும். ஒரே புயலில், ஒரே மரத்தால் இறந்த இருவரில் ஒருவர் குடும்பம் மரத்துக்காரரின் மனத்தில் என்ன இருந்தது என்று நிரூபிக்கப் போராட வேண்டும், மற்றவர் குடும்பத்துக்கு அந்தச் சுமை இல்லை. தர்க்கம் புரிகிறது. அதை அந்த முதல் குடும்பத்திடம் விளக்கும் வேலை எனக்கு வேண்டாம்.

வீடுகளைப் பொறுத்தவரை யதார்த்தமான பதில் காப்பீடு. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்க வேண்டிய 'பாரத் கிரிஹ ரக்ஷா' என்ற சீரான வீட்டுக் காப்பீட்டில், வெளியிலிருந்து வந்து மோதும் பொருள்களால் ஆகும் சேதத்துக்கு எடுத்துக்காட்டாக விழும் மரமும் சொல்லப்பட்டிருக்கிறது. யார் மரம், யார் தவறு என்ற விசாரணை இல்லாமல் பணம் கிடைக்கும். அதன் பிறகு நிறுவனம் விரும்பினால் உங்கள் இடத்தில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் வசூலிக்கப் பார்க்கலாம். அப்போதும் அந்த நான்கு வரிக் கடிதத்தைத்தான் கேட்பார்கள். காருக்கு முழுக் காப்பீடு இருந்தால் சரி, மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவருக்கு ஒன்றும் வராது. கடன் வாங்கும்போது வங்கி கட்டாயப்படுத்தினால் ஒழிய வீட்டுக்குக் காப்பீடு எடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை என்பதால் இந்தப் பத்தி பலருக்கு உதவாது.

மிஞ்சுவது விழுந்த மரம். அது எங்கே கிடந்தாலும் யார் நிலத்தில் முளைத்ததோ அவருடையது. அடிமரம் சரியாக எல்லைக்கோட்டில் நின்றிருந்தால் இருவருக்கும் பொது, சர்வேயர் வந்து கல் பார்க்கும்வரை யாரும் தொடாமல் இருப்பது நல்லது. மதில் இடிந்து கிடக்க, பக்கத்து வீட்டுக்காரர் மரத்தை விற்றுச் செலவை எடுத்துக்கொள்ளலாமா என்றால், சட்டப்படி முடியாது. அவர் கேட்கக்கூடியது, அள்ளிக்கொண்டு போ என்பதுதான். நடைமுறையில் எல்லாம் மரம் வெட்டுகிறவர் வந்து அடிமரத்தைத் தட்டிப் பார்ப்பதில் முடிகிறது. வேம்போ பலாவோ தேக்கோ என்றால் மரத்தை அவரே எடுத்துக்கொண்டு கூலியில்லாமல் அறுத்துத் தருவார், சில சமயம் மேலே பணமும் கொடுப்பார். அந்தப் பணத்தில் மதிலைக் கட்டிவிட்டுச் சமாதானமான வீடுகள் ஏராளம். மயில்கொன்றையோ முருங்கையோ என்றால் விறகுக்குக்கூட யாரும் கேட்க மாட்டார்கள், அறுக்கவும் அள்ளவும் வெட்டுகிறவருக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். தேக்கு விழுந்த தெருவில் மரம் தன்னுடையது என்று இருவரும் சொல்வார்கள். மயில்கொன்றை விழுந்த தெருவில், அது தானாக முளைத்தது, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இருவரும் சொல்வார்கள். தானாக முளைத்தாலும் நட்டு வளர்த்தாலும், தெரிந்த ஆபத்துக்கு நிலத்துக்காரரின் கடமை ஒன்றுதான்.